மனை வாங்குமுன் பார்க்க ஒரு வரைபடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரிகிறது. ஐப்பசி மழையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் என்பது தெரிவதில்லை. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பெருங்குடி குப்பைக் கிடங்கும் துரைப்பாக்கம் சாலையும் அதை எப்படித் தின்றன என்பதற்கு, இலவசமாகவே கிடைக்கும் பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் சாட்சி. ரேடார் செயற்கைக்கோளோ மேகத்தையும் ஊடுருவும். வெள்ளம் தேங்கிய திறந்தவெளி படத்தில் கறுப்பாக விழுந்துவிடும். மழைக்காலப் படங்களைப் புல எண் வரைபடத்தின்மேல் பொருத்த மென்பொருளுக்கா பஞ்சம்? மனம்தான் வேண்டும். கட்டட அனுமதிக் கோப்பில் அந்த வரைபடத்தைக் கட்டாயமாக்குங்கள். பத்திரப் பதிவுக்கு முன்பே வாங்குபவரும் அதைப் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், மேடவாக்கம்