நாயோடு கடற்கரைக்கு வருகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை டச்பே கடற்கரைக்கு நாய்களைக் கொண்டுவரத் தடை போட வேண்டும் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. பின்நேரங்களில் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித்திரிகிற மணலில் நாய் மலம் கிடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் தடை போட்டால், கட்டாக்காலி நாய்கள் அறிவித்தல் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகப்போவதில்லை. வீட்டு நாயை ஒழுங்காகக் கூட்டிவருகிற மனுசன்தான் நின்றுபோவான். அதைவிட, நாயோடு வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் சங்கிலியும் கைத்தொலைபேசியும்தான் இருக்கின்றன.

நான் திருமலையில் தபால்காரனாக வேலைசெய்து ஓய்வுபெற்றவன். எங்களுக்கும் நாய்களுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. மகன் கனடாவுக்குப் போனபோது விட்டுப்போன ஜிம்மியை இப்போது நான்தான் டைக் வீதி வழியாக நடத்திக்கொண்டு போகிறேன். என் சைக்கிளைத் துரத்திய நாய்கள் கண்டால் சிரிக்கும்.

முதலாவது, பழைய பத்திரிகைத் தாள். நாய் மணலை முகர்ந்து ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கினால் விசயம் தெரிந்துவிடும். நாலாக மடித்த தாளைப் பின்பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் நிலத்தில் விழாமலே வேலை முடிந்துவிடும். தவறி விழுந்தால் கீழே உள்ள மணலோடு சேர்த்து அள்ளிச் சுருட்ட வேண்டும். உங்கள் பத்திரிகையின் நடுப்பக்கம் இதற்கு அளவான தாள். கோபிக்க வேண்டாம், ஆசிரியர் தலையங்கத்தை நான் தொடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்வளவில் கீரைப்பாத்திக்கு எட்டத்தில் குழிதோண்டிப் புதைக்கிறேன்.

இதை வெறும் அசிங்கம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. நாய் மலத்தில் கொழுக்கிப்புழுவின் முட்டை இருந்தால், சூடும் ஈரமும் உள்ள மணலில் அது ஓரிரு நாளில் பொரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், தோலுக்கடியில் ஊர்ந்து திரியும். காலில் சிவப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு எழும்பும், இரவில் பிள்ளை சொறிந்து சொறிந்து அழும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுத்தால் இது குறையும்.

சொப்பிங் பையில் அள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். நம் ஊரில் கோட்டையடியிலிருந்து பஸ் நிலையம் வரை மான்கள் திரிகின்றன. கடற்கரை ஓரத்தில் எறிந்த பொலித்தீனைச் சாப்பாட்டு வாசத்துக்காக மென்று விழுங்குகின்றன. அது சமிக்காமல் வயிற்றில் சேர்ந்து தீனி போகிற வழியை அடைத்துவிடும். நம் நாயின் அழுக்கை நீக்கப்போய் மானைக் கொல்ல வேண்டியதில்லை.

மான் என்றதும் சங்கிலி ஞாபகம் வருகிறது. கோணேசர் கோயில் பக்கம் போகிற சிலர், “எங்கட நாய் ஒண்டும் செய்யாது” என்று அவிழ்த்துவிடுகிறார்கள். மான் ஓடினால் எந்த நாயும் துரத்தும். நல்ல தோல் பட்டியும் கட்டையான சங்கிலியும் போதும். தும்புக் கயிறு வேண்டாம், நாய் இழுத்தால் உள்ளங்கை உரிந்துவிடும்.

அடுத்தது ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிரட்டையும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை ஆற்ற வேண்டும். தாகத்தில் கடல் தண்ணீரை நக்கினால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். தார் வீதியில் புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் அன்று நடை வேண்டாம்.

சட்டைப் பையில் இரண்டு மாரி பிஸ்கட்டும் இருக்கட்டும். உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடங்களில் பேத்தை மீனைக் கரையிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். ஊதிய வயிறும் முள்ளுமாகக் கிடக்கும். அது காய்ந்து சருகானாலும் நஞ்சு போகாது. ஜிம்மிக்கு அதுதான் ஊரிலேயே நல்ல பண்டம்! அதட்டினால் அவசரமாக விழுங்கிவிடும். பிஸ்கட்டைக் காட்டினால் வாயிலுள்ளதைப் போட்டுவிட்டு வரும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

கட்டாக்காலிகள் சூழ்ந்தால் குடையைப் படாரென்று விரிப்பேன். தபால் பையோடு திரிந்த காலத்துப் பழக்கம், இன்னும் வேலை செய்கிறது. அப்படியும் கடி விழலாம் என்பதால் தீப்பெட்டிக்குள் ஒரு சவர்க்காரத் துண்டு வைத்திருக்கிறேன். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசக் கூடாது. விசர் நோய் முற்றினால் பிழைப்பது அரிது. நேரத்துக்கு ஊசி போட்டால் அது வராது. நம் நாய்க்கும் வருடாவருடம் ஊசி போட வேண்டும். நாய்களைப் பதிவு செய்யச் சொல்லும் கட்டளைச் சட்டம் 1901இலேயே வந்துவிட்டது, கழுத்தில் தகடு போட்ட நாயைத்தான் காணக் கிடைப்பதில்லை.

சரி, ஓடுகிற தண்ணீருக்குக் கடற்கரையில் எங்கே போவது? தடைப் பலகைக்குச் செலவழிக்கிற காசில் சபை டச்பேயில் ஒரு குழாயும், மான் தலை நுழையாதபடி பாரமான மூடி போட்ட இரண்டு குப்பைத் தொட்டியும் வைக்கட்டும். திறந்த தொட்டி மட்டும் வேண்டாம். அதைக் கவிழ்ப்பதற்குக் காகங்களும் ஜிம்மியும் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
டைக் வீதி, திருகோணமலை.