பன்னிரண்டிலிருந்து மூன்று வரை: மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே வரப்போகும் முப்பத்திரண்டு மாடிக் கட்டடத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அனுமதி கொடுத்ததே நீங்கள்தான். அதன் பின்வேலியை ஒட்டி நிற்கும் ஐந்து மாடி மலிவு விலை பிளாட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு முன், அங்கே நடக்கும் கட்டுமானச் சத்தத்தைப் பற்றி 61 வீட்டார் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பதில் இல்லை. சரி, வேலைப்பளு இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மாலை ஏழுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்குவார். கம்பெனி பஸ் எங்கள் வாசலில் விடும்போது எட்டேகால். குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுப் படுக்க ஒன்பது ஆகிவிடும். அஸ்திவாரத் தூண்களை மண்ணில் அடித்து இறக்கும் பைலிங் சுத்தியல் எட்டு மணிக்கே தொடங்கியிருக்கும்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு விநாடிதான் ஆளைக் கொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடிக்காகக் காத்துக் கிடக்கிறார். ஒரு தூணை இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்கி நிறுத்தும்போது பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும். அதில்தான் மனிதர் அசந்து தூங்குவார். தூங்கிய நேரம் பார்த்து முதல் அடி விழும். தட்டு அலமாரியில் கப்புகள் ஒன்றோடொன்று உரசும். அவர் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். திட்டக்கூட மாட்டார். திட்டினாலாவது எனக்கு மனசு ஆறும்.

நாங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. எங்கள் பிளாட்டில் எல்லாம் நாக்கோ ஜன்னல். கண்ணாடித் தகடுகளை எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு இருக்கத்தான் செய்யும். பழைய மெத்தையை அதன்மேல் சாத்தி வைத்தோம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, காற்று மொத்தமாக நின்றது. தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் பகல் பதினொரு மணிக்கு ஜன்னலை அடைத்துப் படுத்துப் பாருங்கள், தெரியும். கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். காற்றில் வரும் சத்தத்தை மெத்தை தடுக்கும். தரை வழியாக வரும் அதிர்வை எதை வைத்துத் தடுப்பது?

தொழிற்சாலையில் கொடுக்கிற காதடைப்பானை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார். 2019இல் நம் மலேசியாவில் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறை, ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்கிறது. அதனால் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது அவர் காதைக் காப்பாற்ற ஒரு முதலாளி இருக்கிறார். கட்டிலில் படுத்திருக்கும்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

மார்ச் மாதத்திலிருந்து அவர் பெரும்பாலும் வீட்டில் படுப்பதில்லை. காலையில் சாப்பிட்டதும் எங்கள் பழைய கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி மிஞ்சியிருக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குகிறார். கொசுவர்த்தி ஒன்று எடுத்துப் போவார். முன்னே அது பால்மரக் (ரப்பர்) காடு, தோட்டத்தின் மூன்றாவது டிவிஷன். அவர் பிறந்த லயத்து வீடு அங்கேதான் இருந்தது. தோட்டம் கைமாறியபோது 25,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இந்த வீட்டை வாங்கி, இனி நாமும் பட்டணத்துக்காரர்கள் என்று வந்தோம். இப்போது தூங்குவதற்குத் தோட்டத்துக்கே திரும்பிப் போகிறார்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜாகா, தோட்டத்துக் காவலாளி, வந்து கார்க் கதவைத் தட்டியிருக்கிறான். பழத் திருட்டு நடக்கிற இடம், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பின்பக்க பூட்டைத் (டிக்கி) திறக்கச் சொல்லி, உள்ளே செம்பனைக் குலை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். இருந்தது ஒரு தலையணை. ஐம்பத்து நான்கு வயதுக்காரர், தான் பிறந்த மண்ணில் திருடன் போலக் கை கட்டி நின்றுவிட்டு வந்து, அன்றைக்கு ஷிப்டுக்கும் போனார். என்னிடம் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சுத்தியலை நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஏற்கெனவே நிற்கிறது. கூடுதலாகக் கேட்பது இரண்டு மணி நேரம்.

பகலில் வேலை செய்வது சட்டப்படி சரி என்று மன்றத்துக் கவுண்டரில் சொன்னார்கள். சுற்றுச்சூழல் துறையின் இரைச்சல் வழிகாட்டியை என் மகள் எடுத்துக் காட்டினாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், விட மாட்டாள். குடியிருப்புப் பக்கம் கட்டுமான இரைச்சல் காலை 7 முதல் இரவு 7 வரை உச்சமாக 90 டெசிபல், இரவு 10 வரை 85 என்று அதில் இருக்கிறது. பத்துக்கு மேல் இன்னும் கறார். சுத்தியல் பைலிங் 15 மீட்டரில் ஏறக்குறைய 100 டெசிபல் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. தூரம் இரட்டித்தால் 6 குறையும். எங்கள் ஜன்னல் 30 மீட்டரில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 94 வருகிறது. கணக்கு தப்பு என்றால் மீட்டரோடு ஓர் ஆளை அனுப்புங்கள், தேத்தண்ணி போட்டுத் தருகிறேன்.

அப்புறம், இந்த இரவு கான்கிரீட். கார் நிறுத்துமிடத் தளத்துக்கு ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒட்டாமல் போகும், ஊற்றியது இறுகும் வரை காத்திருந்துதான் மெஷின் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சைட்டில் ஒரு தம்பி மரியாதையாகவே விளக்கினார். புரிகிறது. புரியாதது ஒன்றுதான்: மாலை நான்கு மணிக்கு ஊற்றத் தொடங்கினால் தேய்க்கிற வேலை நடுச்சாமத்துக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? காலையில் தொடங்கலாமே.

போன ஆடியில் கோயிலில் உறுமி பத்தரை மணிவரை கேட்டது என்று இருபது நிமிடத்தில் அதிகாரிகள் வந்தார்கள். அந்த வேகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே வண்டி, அதே அதிகாரிகள், ஒரு தெரு தள்ளி வந்தால் போதும். சைட் தகர வேலியில் பெரிய எழுத்தில் 'அமைதி இங்கே தொடங்குகிறது' என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள், அடையாளம் தெரியாமல் போகாது. ஓட்டுப் போட்டு உங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஓட்டுக் கேட்டு வரும்போது சொல்லியிருப்போம். ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தி வைத்ததோடு சரி, அந்த வாய்ப்பும் இல்லை. அதனால்தான் மடல்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கட்டடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். தூணை அடித்து இறக்காமல் அழுத்தி இறக்கும் ஜேக்-இன் மெஷின் நம் நாட்டிலேயே பல இடங்களில் ஓடுகிறது. மண் இடம் கொடுத்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பாறை இருக்கிறது, முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். திட்ட அனுமதியில் நிபந்தனை போடும் உரிமை 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. எதுவும் முடியாவிட்டாலும், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை என்பது முடியும். எங்கள் மூன்று பிளாக்கிலும் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் பலர். எல்லோருக்கும் கஞ்சில் கிடையாது.

முந்தைய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, உங்கள் முத்திரையும் தேதியும் அதில் தெளிவாக விழுந்திருக்கின்றன. விசாரிக்க ஆள் அனுப்பினால் தயவுசெய்து மாலை ஐந்து மணிக்கு அனுப்புங்கள். பகலில் வந்து கதவைத் தட்ட வேண்டாம். இன்று வெள்ளிக்கிழமை, சைட்டில் தொழுகைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அவர் உள்ளே தூங்குகிறார்.

நன்றியுடன்,
பி பிளாக், ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்