கம்பியை வெட்டியதும் வேலை முடிந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சுருக்குக் கம்பியில் சிக்கிய சிறுத்தையை மீட்ட செய்தியைச் சென்ற இதழில் படித்தேன். கம்பியை வெட்டியதும் அது எழுந்து ஓடிவிட்டது, நலமாக இருக்கிறது என்று முடித்திருந்தீர்கள். வனவிலங்கு மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் நான். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது.

இடுப்பில் கம்பி இறுகிய விலங்கு எழுந்து ஓடுகிறது என்பதற்காகப் பிழைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இரத்த ஓட்டம் நின்றுபோன தோலும் தசையும் வெளியே பெரிய காயம் தெரியாமலே உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். போதாததற்கு, மணிக்கணக்காகத் திமிறியதில் தசைகள் சிதைந்து, மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சில நாள் கழித்து ஏதோ ஒரு புதருக்குள் செத்துக் கிடக்கும். அதை யாரும் படமெடுப்பதில்லை.

அதனால் கூட்டத்தை விலக்குவதுதான் முதல் சிகிச்சை. நான் உடனிருந்த ஒரு மீட்பில் சுற்றி நின்றவர்கள் கத்தக் கத்தச் சிறுத்தை துள்ளியது, துள்ளத் துள்ளக் கம்பி இறுகியது. மயக்க ஊசி போட்டும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. பயத்தில் இருக்கும் உடம்பு அப்படித்தான். ஊசி போட்ட பிறகு பத்து நிமிடமாவது அமைதி கிடைத்தால்தான் மருந்து வேலை செய்யும். அந்தப் பத்து நிமிடத்தை வாங்கித் தர எங்களால் முடியவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

மயங்கியதும் கண்ணுக்குக் களிம்பு போட்டுத் துணியால் மூட வேண்டும். கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் இமை மூடாது, கண் காய்ந்துவிடும். உடல் சூட்டை அளந்துகொண்டே இருக்க வேண்டும், ஏறினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூடவே கொடுக்கும் மெடிடோமிடின் என்ற மருந்தின் மயக்கத்தை முறிக்க மருந்து உண்டு, கெட்டமைனுக்குக் கிடையாது. அவசரப்பட்டு எழுப்பினால் தள்ளாடி விழுந்து அடிபடும். ஆகவே முழுத் தெளிவு வரும்வரை கூண்டில், தார்ப்பாய் போர்த்தி, இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சமும் ஆட்களும் தெரிந்தால் கூண்டுக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்ளும். அது போனால் வேட்டையே சிரமம். அப்புறம், காட்டில் விடும்போது கூண்டின் கதவை வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றால் இழுத்துத் திறக்க வேண்டும். சிறுத்தை போகும் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது.

எங்கே விடுவது? பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவது நல்லது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த, மனிதர்கள் மீதான தாக்குதல் அதன்பின் 17 ஆனது. தெரியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு பழைய இடத்தைத் தேடி அலைகிறது, வழியில் மனிதர்களை எதிர்கொள்கிறது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, எத்தனை மணி நேரம் கம்பியில் கிடந்தது, மருத்துவர் பார்த்தாரா, எங்கே விட்டார்கள், விட்ட பிறகு யார் கண்காணிக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்