பாவசங்கீர்த்தனக் கூண்டும் நம் நாடகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் ஓர் உள்நாட்டுத் தமிழ் நாடகத்தில், பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் தன் பாவங்களை இரகசியமாக அறிக்கையிடும் சடங்கில், மகன் சொன்னதைப் பங்குச்சாமியார் மறுநாளே அவன் தாயிடம் சொல்லிவிடுகிறார். தாயும் கைகூப்பி நன்றி சொல்கிறாள். கோலாலம்பூரின் புடு புனித அந்தோணியார் ஆலயத்தில் நெடுங்காலமாகத் திருப்பலி (பூசை) காணும் எனக்கு அந்தக் காட்சி மிகுந்த வேதனையைத் தந்தது. கூண்டில் கேட்டதைச் சொல்லாலோ வேறெவ்வகையிலோ எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாதென்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு. அதை நேரடியாக மீறும் குருவானவர் அக்கணமே சபைவிலக்கத்துக்கு ஆளாகிறார். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல், அந்தத் தாய்க்கே ஞாயிறுதோறும் நற்கருணை வழங்கும் மனிதரின் தவிப்பைக் காட்டியிருந்தால் எத்தனை வலுவான கதை கிடைத்திருக்கும்! இதே அலட்சியத்தால்தான் மணமாகிப் பிள்ளைகளோடு வாழும் மெதடிஸ்ட், லூத்தரன் போதகர்களையும் நம் நாடகங்கள், மணம் செய்யாத கத்தோலிக்கக் குருக்களை அழைப்பதுபோல் 'ஃபாதர்' என்றழைத்துவிடுகின்றன.

பாதிரியார்களைப் புகழ்ந்து மட்டுமே காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாஸ்டன் மறைமாவட்டத்தில் குருக்கள் சிறுவர்களுக்குச் செய்த கொடுமையும் அது மூடிமறைக்கப்பட்டதும் பற்றிய 'ஸ்பாட்லைட்' (2015) படத்தைத் தலைகுனிந்துதான் பார்த்தேன். ஆனால் அதில் பொய்யில்லை. 2017இல் பிபிசி ஒளிபரப்பிய 'புரோக்கன்' தொடரில் ஷான் பீன் நடித்த ஃபாதர் மைக்கேல், திருப்பலி வேளையிலேயே தம் பழைய பாவங்கள் கண்முன் வந்து நிற்க நடுங்குகிறார். மனநலம் குன்றிய மகனைச் சமாளிக்க முடியாத ஒரு தாய் தொலைபேசியில் அழைக்கும்போது அவர் எடுக்காமல் விட்டுவிடுகிறார். அந்தப் பிள்ளை காவலரின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். அதற்குப் பிறகும் அந்தத் தாயின் முகத்தை அவர் பார்த்தாக வேண்டும். விசுவாசமும் குற்றவுணர்வும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதை இவ்வளவு நேர்மையாக நான் திரையில் கண்டதில்லை.

நம் நாடகங்களிலோ சாமியார் கை உயர்த்தி ஆசீர்வதித்துப் புன்னகைப்பார், இல்லையேல் அங்கிக்குள் ஒளிந்த வில்லனாக இருப்பார். நள்ளிரவில் மருத்துவமனைக்கு நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க ஓடி, காலையில் கல்லறையில் ஜெபம் சொல்லி, மாலையில் பங்குப் பேரவைச் சண்டையைத் தீர்த்துவைக்கும் மனிதரை எவரும் எழுதுவதில்லை. எழுத்தாளர்கள் படப்பிடிப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் புடுவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்த் திருப்பலியின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்து, பின்னர் அந்தப் பங்குத்தந்தையிடமே தங்கள் காட்சியைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோலாலம்பூர்