கூண்டுக்குள்ளும் காற்று போய்வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வளர்ப்புப் பாம்புகளின் கண்ணாடித் தொட்டி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம் என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். படித்த சூட்டோடு எந்தப் பிள்ளையாவது இணையத்தில் பாம்புக்குட்டி தேடக் கிளம்பிவிடக் கூடாது, பாருங்கள்.

காற்றோட்டம் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு மாற்றுக்கருத்து. தொட்டியின் வலைமூடியைப் பாதி மறைத்தால் ஈரமும் வெப்பமும் தங்கும் என்கிறது கட்டுரை. ஹீட்டர் ஓடி அறைக்காற்று வறண்டுபோகும் குளிர்நாட்டுக்கு அது சரி. விடியற்காலையில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 90 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் மூடியை அடைத்தால் பூஞ்சைதான் வளரும். பாம்புக்கே அது ஆகாது. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்கிறது. மூச்சுக்கு உதவும் தசைத்திரையான உதரவிதானமும் இல்லாததால், சளி பிடித்தால் நம்மைப்போல் இருமித் தள்ள முடியாது. வாயைத் திறந்தபடி மூச்சுவிடும், மூக்கோரம் குமிழி கட்டும்.

சரி, பாம்பை விடுவோம். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் முயல், கினிப்பன்றி, ஹேம்ஸ்டர் எல்லாம் அனுமதியோடுதான் இருக்கின்றன. தெம்பனிசில் உறவினர் வீட்டில் ஹேம்ஸ்டர் பெட்டியைப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் செருகியிருந்தார்கள். மூன்று பக்கமும் பலகை, ஓட்டை மூடியில் மட்டும். பெட்டியின் உட்சுவரில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. நின்றபடி பார்த்தால் ஒரு வாடையும் இல்லை. மூடியைத் திறந்து மரத்தூள் மட்டத்துக்குக் குனிந்தேன், கண் எரிந்தது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. அந்தக் குட்டி உயிர் நாள் முழுக்க மூக்கை வைத்திருப்பது அந்த மட்டத்தில்தான்.

ஒரு பக்கச் சுவரில் கீழேயும் எதிர்ப்பக்கச் சுவரில் மேலேயும் திறப்பு இருந்தால், சூடான காற்று மேலேறி வெளியே போகும், கீழிருந்து புதுக்காற்று தானாக நுழையும். மின்விசிறியை நேரே கூண்டின் மேல் திருப்பிவிட வேண்டியதில்லை. அப்படித் திருப்பினால் பிராணி குளிரில் வாடத்தான் செய்யும். காலிச் சங்குக்குள் வாழும் துறவி நண்டு மட்டும் விதிவிலக்கு. அது செவுளால் மூச்சுவிடுவதால் ஈரக்காற்று தேவை, ஏர்கான் அறையில் மூடி கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

அப்புறம், நம் வீட்டு வழக்கம் ஒன்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும், கொசுவர்த்தி கொளுத்தும்போதும் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். வெளியே புகைமூட்டம் சூழும் காலத்தில் ஜன்னலைச் சாத்தித்தான் ஆக வேண்டும். அந்த நாள்களில் மரத்தூளை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்றினால் போதும்.

செல்லப்பிராணிக் கடைகளில் பெட்டியின் நிறத்தையும் உள்ளே இருக்கும் சக்கரத்தையும் காட்டித்தான் விற்கிறார்கள். காற்று எந்த வழியாகப் போய்வரும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். நம் தட்பவெப்பத்தை அறிந்த உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, அடுத்த கட்டுரையை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்