அண்ணனுக்கு: விட்டத்தை அறுத்தது பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆவணியில் குடிபுகுகிறோம். நம் பழைய வீட்டுத் தேக்கு விட்டத்தை அறுத்துச் செய்த வாசல் கதவு தயாராகிவிட்டது. அந்த விட்டத்தை முழுதாக வைத்திருக்கலாம், இப்படித் துண்டு போட்டிருக்க வேண்டாம் என்று நீங்கள் வருத்தப்பட்டதாகப் பங்காளி ஒருவர் சொன்னார். தொலைபேசியில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். உறவினர்கள் பலரும் இதைப் படிப்பார்கள். ஆகவே பங்கு, தொகை, கையெழுத்து ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை.

வீட்டைப் பிரித்த நாள்தான் மறுபடி மறுபடி நினைவுக்கு வருகிறது. விட்டங்களைக் கயிறு கட்டி வளவில் இறக்கிப் போட்டிருந்தார்கள். மரம் வாங்க வந்தவர், புகையேறிக் கறுத்திருந்ததைக் காட்டி, ஏதோ நாட்டு மரம் என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். நீங்கள் பதில் பேசாமல், இடுப்பில் செருகியிருந்த வாசல் கதவுச் சாவியை, அந்தச் சாண் நீள இரும்புச் சாவியை எடுத்து, மரத்தின் மீது அழுத்தி ஒரு கோடு இழுத்தீர்கள். கரிப்படலம் உதிர, உள்ளே பொன் நிறத்தில் ரேகை தெரிந்தது. அவர் குனிவதற்குள் என்னைக் கூப்பிட்டு, ‘முகர்ந்து பார்டா, இன்னும் எண்ணெய் வாசம் போகவில்லை’ என்றீர்கள். எதையும் முதலில் தம்பிக்குக் கொடுத்தே பழகியவர் நீங்கள். அடுத்த மூச்சிலேயே அவரிடம் கன அடிக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டீர்கள்.

விற்றது தவறென்று நான் எங்கும் சொன்னதில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்த பிறகு, பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய குடும்பங்களுக்கு வரவு நின்றது. கப்பலில் தேக்கு வரவழைத்துக் கட்டிய வீடுகளுக்கு ஓடு மாற்றவும் வழியில்லாமல் போயிற்று. தலைமுறைக்குத் தலைமுறை பங்குகள் பெருக, மழை ஒழுகும் முற்றத்துக்கு யார் செலவு செய்வது என்பதே வழக்காயிற்று. 2014-இல் நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் எந்தக் கூரையும் ஒழுகாமல் நின்றுவிடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கஜலட்சுமி செதுக்கிய நிலையையும் கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு வண்டியேற்றும் முன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தச் சாவியைத் தாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதன் பூட்டு எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

விட்டத்துக்கு வருகிறேன். உங்களைக் கேட்காமல் அறுத்தேன். அது உங்களுக்கு வலித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் முழுதாக வைத்திருக்க அது முழுதாகவும் இல்லை. சுவருக்குள் புதைந்திருந்த இரு முனைகளும் ஈரத்தில் இற்றுப்போயிருந்தன. ஓரத்து வெள்ளை மரப்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. வைரம் பாய்ந்த நடுப்பகுதி மட்டுமே தேறியது. என் வீட்டுக்கோ கான்கிரீட் கூரை. அதில் விட்டம் எதைத் தாங்கும்?

பழைய மரம் என்றதும் மர அறுவை மில்லில் தயங்கினார்கள், உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். ஆசாரி காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒட்டிய இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே அறுக்கச் சம்மதித்தார்கள். அறுத்த பலகைகளை உடனே இழைக்கவும் விடவில்லை அவர். பலகைக்குப் பலகை இடையில் ரீப்பர் சட்டம் கொடுத்து, நிழலில் அடுக்கிப் போடச் சொன்னார். பளு சுமந்த மரத்தை அறுத்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விட்டு அது வளையும், முறுக்கும்; அது தன் இஷ்டத்துக்கு வளைந்து முடிந்த பிறகுதான் நாம் நேராக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

4 அடிக்கு 7 அடி, இரட்டைக் கதவு. குறுக்குச் சட்டங்களின் முனையைக் கூர் செதுக்கி, நெடுஞ்சட்டத்தில் உளியால் எடுத்த துளையில் இறக்கி, மூங்கில் முளை அடித்திருக்கிறோம். முளைக்கான ஓட்டைகளை மயிரிழை விலக்கிப் போட்டதால், அடிக்க அடிக்கக் கூட்டு தானே இறுகிற்று. நடுப்பலகைகளுக்குப் பசையே கிடையாது. காடியில் செருகி, ஓரத்தில் சிறிது இடம் விட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு மரம் அகலவாக்கில் உப்பும், சித்திரைக்குச் சுருங்கும், இடமில்லாவிட்டால் வெடிக்கும். உளி பிடித்ததில் பாதி நான், பாதி அவர். என் கை பட்ட கூட்டுகள் எவை என்று உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். தெரிந்தாலும் பங்காளிகள் முன்னிலையில் சொல்ல வேண்டாம்.

செலவில் பாதி தருவதாகச் சொல்லி அனுப்பினீர்களாம். வேண்டாம். நீங்கள் கன அடி பேசி விற்ற அதே விட்டத்தை, அந்த மர வியாபாரியிடமே கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன்; அதற்கு மேல் அந்த மரத்தின் பேரில் நம்மிடையே பணம் புழங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. மொய்யும் எழுத வேண்டாம்.

குடிபுகும் நாளுக்கு முந்தின நாள் காலையில் கதவு மாட்டுகிறோம். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குக் குறையாது. கீலில் திருகு ஏறும்வரை அசையாமல் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணமிண்டியையும் அழைத்துக்கொண்டு அன்றே வந்துவிடுங்கள்.

தம்பி