கட்டடத்துக்கு முன் கட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியொன்றின் கிளையை வன்னிக்குக் கொண்டுவர வேண்டும், புலம்பெயர்ந்தவர்களிடம் பணம் இருக்கிறது, ஏ-9 வீதியோரம் காணியும் இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் சிலர் கதைக்கக் கேட்கிறேன். ஆசையில் பிழையில்லை. ஆனால் அப்படியொரு கல்லூரி வளர்ந்ததை வாசலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2004 முதல் 2013 வரை டோஹாவில் சாரதியாக இருந்தேன். விடியப்புறம் துப்புரவுப் பணியாளர்களை ஏற்றிச் சென்று இறக்கிய இடங்களில் ஒன்று, அங்குள்ள கல்வி நகரத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரி. கட்டார் அறக்கட்டளையுடன் உடன்படிக்கை ஏற்பட்டது 2001இல். மறு ஆண்டு முன்மருத்துவ வகுப்புகளும், 2004இல் மருத்துவக் கற்கையும் தொடங்கின. 2008இல் முதல் தொகுதியாக வெளியேறியவர்கள் 15 பேர். எரிவாயுப் பணம் கொழிக்கும் நாட்டுக்கே 15 வைத்தியர்களைக் காண ஏழு வருடம் பிடித்தது. அயர்லாந்தின் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரி பஹ்ரைனில் திறந்த கிளையும் 2004இல் 28 மாணவர்களோடுதான் ஆரம்பித்தது.

எங்கள் ஆட்கள் கவனிக்காத விடயம் வேறொன்று. நியூயோர்க்கில் கொடுக்கும் அதே பட்டத்தை டோஹாவிலும் கொடுக்க முடிந்ததற்குப் பளபளத்த கட்டடம் மட்டும் காரணமல்ல. மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் படித்த ஹமாத் பொது வைத்தியசாலை 1982இலேயே திறக்கப்பட்டுவிட்டது. கல்லூரி பின்னால் வந்தது. இது நமக்கும் புதிதல்ல. 1848இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் பாடநூல்களைத் தமிழுக்கே கொண்டுவந்தவர், நோயாளர்களைப் பார்த்தபடியேதான் மாணவர்களைப் பழக்கினார். இதற்கு மாறாக, மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரத்தில் பெரிய சிக்கலாக நின்றது மாணவர்களின் வைத்தியசாலைப் பயிற்சி போதுமா என்பதுதான். பிள்ளைகள் வீதியில் நின்றார்கள், பெற்றோரின் பணமும் முடங்கியது.

இனி வன்னிக்கு வருவோம். போன மாரியில் என் தாயாருக்கு மூச்சு முட்டியபோது அருகிலிருந்த வைத்தியசாலையில் அதற்குரிய நிபுணர் இல்லை. துண்டு எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை அம்புலன்ஸ் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் சேலைன் போத்தலை நான் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த தாதி பிள்ளை அந்த வாரம் மூன்றாவது தடவையாக அதே பாதையில் போவதாகச் சொன்னது. தாயார் தப்பிவிட்டார். ஆனால் நிபுணரே இல்லாத விடுதியில் மருத்துவ மாணவன் யாரிடம் படிப்பான் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

இன்னொன்று, யாருக்கு இடம் என்பது. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றொரு ஏற்பாடு இருப்பதால்தான் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் உயர்தரம் எடுத்த கூலித் தொழிலாளியின் பிள்ளை மருத்துவபீடத்துக்குள் நுழைய முடிகிறது. கட்டணம் வாங்கும் கிளைக் கல்லூரியை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது. அப்படியானால் எங்கள் காணியில் எழும் கல்லூரியில் எங்கள் பிள்ளைகள் காவலாளிகளாக மட்டும் நிற்க நேரலாம். (டோஹாவில் நான் வாசலோடு நின்றவன், அதனால் இது எனக்குக் கொஞ்சம் உறைக்கிறது.)

ஆகவே கிளை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளுக்கு நிபுணர்களும் கட்டில்களும் முதலில் கிடைக்கட்டும். 1978 முதல் இயங்கும் யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் மாணவர்கள் இங்கு கூடுதலாகப் பயிற்சிக்கு வரட்டும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவோடு இதை எப்படி இணைப்பது என்பதும் பேசப்படட்டும். புலம்பெயர்ந்த எங்கள் வைத்தியர்கள் பணத்தோடு மூன்று மாதத்தையும் கொண்டுவந்து விடுதிகளில் நின்று கற்பிக்கட்டும். அதன் பிறகு கிளைக்கான உடன்படிக்கை எழுதப்படுமானால், இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரமும், வன்னிப் பிள்ளைகளுக்கான இலவச இடங்களின் எண்ணிக்கையும் அதில் தமிழில் அச்சாகி, பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்ட பின்னரே காணி அளக்க வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதி,
ஒட்டுசுட்டான்.